254 மில்லிமீட்டர் குழாய்: ஈபாநெட்டை நிரல் வழியே கையாண்ட அனுபவம்

ஏற்காடு மலைமேல் இருக்கும் சிற்றூர்களுக்குக் குடிநீர்க் குழாய் வடிவமைக்கும் வேலை எங்களுக்கு வந்தபோது பட்டியலில் 38 ஊர்கள் இருந்தன. எங்களுக்கு என்றால், சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடியில் நான்கு பேர் உட்கார்ந்து வேலை பார்க்கும் சின்ன அலுவலகம். சர்வே எடுக்க இரண்டு பேர், வரைபடத்துக்கு ஒருவர், கணக்குப் போட நான்.

சமவெளியில் குழாய்க் கணக்கு ஓரளவு மன்னிக்கும். மலையில் மன்னிக்காது. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே போனபிறகும் நிலம் ஒரே மட்டத்தில் கிடையாது. ஒரே ஊருக்குள் முதல் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் 40 மீட்டர் இறக்கம் இருக்கும். 10 மீட்டர் இறங்கினால் குழாயில் ஏறக்குறைய ஒரு கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தம் கூடும். அதனால் அழுத்தத்தையே மீட்டர் கணக்கில் சொல்வது எங்கள் வழக்கம். பள்ளத்து வீட்டில் குழாய் வெடிக்கும், மேட்டு வீட்டில் காற்று மட்டும் வரும். அதனால்தான் ஒவ்வொரு ஊருக்கும் கணினியில் ஒரு மாதிரி கட்டி, தண்ணீரை அதில் ஓடவிட்டுப் பார்க்கிறோம்.

அதற்கு நாங்கள் பயன்படுத்துவது ஈபாநெட். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993-இல் முதலில் வெளியிட்ட இலவச மென்பொருள். முதல் ஆறு ஊர்களை அதன் விண்டோவில் மவுஸால் கிளிக் செய்துதான் கட்டினேன். ஒரு நோடு (குழாய்கள் சேரும் அல்லது தண்ணீர் எடுக்கும் புள்ளி) வை, பெட்டியைத் திற, உயரம் அடி, தண்ணீர்த் தேவை அடி, மூடு. ஒரு ஊருக்கு ஒரு நாள் போனது. அதைவிடக் கஷ்டம் பிறகு வந்தது. தொட்டி இடம் மாறும், நான்கு வீடு சேரும். ஒவ்வொரு முறையும் ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘இறுதி சார் சொன்னது’ என்று கோப்புகள் பெருகின. எதிலிருந்து வரைபடம் போனது என்று கண்டுபிடிக்கவே அரைநாள் ஆகும். ஏழாவது ஊரிலிருந்து நிரல் எழுதிக் கட்டுவது என்று முடிவெடுத்தேன்.

புராஜெக்ட் என்பது கோப்பு அல்ல

2020-இல் வந்த 2.2 பதிப்பில் ஈபாநெட்டின் கருவித்தொகுப்பு, அதாவது அதை நிரலிலிருந்து இயக்க உதவும் செயற்கூறுகளின் தொகுப்பு, பெரிதாக மாறியது. அதற்கு முன்பு 2000-இல் வந்த 2.0 பதிப்பில் ஒரு நேரத்தில் ஒரு வலைப்பின்னலைத்தான் திறக்க முடியும். 2.2-இல் ‘கிரியேட் புராஜெக்ட்’ என்ற செயற்கூறு வந்தது. அதை அழைத்தால் ஒரு கைப்பிடி, அதாவது அந்தப் புராஜெக்ட்டைச் சுட்டும் அடையாளம், கிடைக்கும். அதன்பிறகு செய்யும் எல்லாவற்றுக்கும் அந்தக் கைப்பிடியை முதலில் கொடுக்க வேண்டும். இரண்டு கைப்பிடி வைத்துக்கொண்டு இரண்டு ஊர்களை ஒரே நேரத்தில் திறந்து வைத்து ஒப்பிடலாம். நான் நிரல் எழுதும் பைத்தான் மொழியில் அழைப்பதற்கு இலவச நூலகங்கள் இருக்கின்றன.

எனக்குப் புரிய நாளானது இதுதான்: கைப்பிடி கையில் வந்துவிட்டாலும் வட்டில் இன்னும் ஒன்றும் எழுதப்படவில்லை. புராஜெக்ட் நினைவகத்தில் மட்டும் இருக்கிறது, அதுவும் காலியாக. அடுத்த படியாக இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும். ஏற்கெனவே இருக்கும் ஐஎன்பி கோப்பை (ஈபாநெட்டின் உள்ளீட்டுக் கோப்பு) திறக்கலாம். இல்லையென்றால் ‘இனிட்’ அழைத்து வெறும் வலைப்பின்னலைத் தொடங்கலாம். இனிட் அழைக்கும்போதே ஓட்டத்தின் அலகையும் உராய்வுச் சூத்திரத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு விநாடிக்கு லிட்டர், ஹேசன்-வில்லியம்ஸ். இதில் அசட்டையாக இருந்தால் மென்பொருள் அமெரிக்க அலகுகளின் கணக்கில் போய்விடும். நாம் மீட்டர் என்று நினைத்துக் கொடுக்கும் எண்ணை அடி என்று எடுத்துக்கொள்ளும்.

வரிசையும் முக்கியம். முதலில் நோடுகள், அப்புறம் பைப்கள். இரு முனையும் இல்லாமல் பைப்பைச் சேர்க்க விடாது. குறைந்தது ஒரு தொட்டியோ நீராதாரமோ இல்லையென்றால் 224 என்ற பிழை எண்ணோடு கணக்கே ஓடாது. எதோடும் இணையாத நோடு இருந்தால் 233. இந்தப் பிழைகள் எல்லாம் நல்லவை. உடனே நிறுத்தி, எங்கே தப்பு என்று சொல்லிவிடும்.

பெயர் வைப்பதில் ஒரு சின்ன விஷயம். நோடின் அடையாளப் பெயர் 31 பைட்டுக்குள் இருக்க வேண்டும், இடைவெளி கூடாது. தமிழில் பெயர் வைக்க ஆசைப்பட்டேன். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். ‘அம்மன்கோவில்மேடு’ என்று எழுதினால் 48 பைட். ஏற்கவில்லை. சரி என்று நோடுகளுக்குச் சுருக்கமான எண்களைக் கொடுத்து, தமிழ்ப் பெயர்களை சர்வே அட்டவணையில் வைத்துக்கொண்டேன்.

தண்ணி விடுறவர் சொன்னது

நிரல் வந்ததும் வேலை பறந்தது. சர்வேக்காரர்கள் கொடுத்த எக்செல் அட்டவணையைப் படித்து, ஒரு ஊரைக் கட்டி, ஓட்டி, அழுத்தங்களை எழுதி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று வாரத்தில் மீதி ஊர்கள் அத்தனையும் முடிந்தன.

மார்ச் மாதக் கடைசியில், முதல் மழைக்குக் காப்பிச் செடி பூத்து மலை முழுக்க மணக்கும் நாளில், வரைபடத்தோடு ஒரு ஊருக்குப் போனோம். 500 பேர் இருக்கும் ஊர். ஆளுக்கு 55 லிட்டர் என்று வைத்தால் நாளைக்கு 27,500 லிட்டர். அங்கே காலையில் 3 மணி நேரம்தான் தண்ணீர் விடுவார்கள். அப்படியென்றால் தொட்டியிலிருந்து ஊருக்கு வரும் 420 மீட்டர் பிரதானக் குழாயில் விநாடிக்குச் சுமார் இரண்டரை லிட்டர் ஓட வேண்டும். ஏற்கெனவே பதித்திருக்கும் 63 மி.மீ. எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாயே போதும், மாற்ற வேண்டாம் என்று என் கணக்கு சொன்னது. மேட்டு வீடுகளில் 14 மீட்டர் அழுத்தம் காட்டியது.

அந்த ஊரில் தண்ணி விடுகிற பெரியவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். “ஏம்மா, இந்தப் பழைய பைப்பையேவா வெக்கப் போறீங்க?”

“ஆமாங்க ஐயா, கணக்குல போதும்னு வருது.”

“மேட்டு வீட்டுக்கு இப்பவே சொட்டுச் சொட்டாத்தாம்மா வருது. கீழ எல்லாரும் மூடின பொறவுதான் அவங்க குடம் நெறையும். நீங்க புதுசா குழாய் மட்டும் நட்டுட்டுப் போனா அதுல என்ன வரும்?”

அவர் 20 வருடமாக அந்த வால்வைத் திருப்புகிறவர். அவர் சொல்வது பொய்யாக இருக்க வழியில்லை. என் கணக்கில்தான் ஏதோ இருக்கிறது என்று அன்று மலை இறங்கும்போதே தெரிந்துவிட்டது. இரவு அலுவலகத்தில் அந்தப் புராஜெக்ட்டைத் திறந்து, பைப் பைப்பாக விட்டத்தைக் கேட்டேன். பிரதானக் குழாயின் விட்டம் 254 மி.மீ. என்று வந்தது.

அப்படி ஒரு குழாய் அந்த மலையிலேயே கிடையாது. 254 என்பது 10 அங்குலம். நிரல் வழியே புதிதாக ஒரு பைப் சேர்த்தால், நாம் எதுவும் சொல்லும்வரை ஈபாநெட் அதற்கு 10 அங்குல விட்டம், 330 அடி நீளம் (சுமார் 100 மீட்டர்), ஹேசன்-வில்லியம்ஸ் என்றால் உராய்வெண் 130 என்று தானாகவே வைத்துக்கொள்ளும். சர்வே அட்டவணையில் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் 63 என்ற எண்ணுக்குப் பதில் ‘63 எம்எம்’ என்று எழுத்தில் இருந்தது. எண்ணாக மாற்ற முடியாமல் பைத்தான் பிழை எழுப்பியிருக்கிறது. நானோ, நீளமாக ஓடும் வேலை நடுவில் நிற்கக் கூடாது என்று, பிழை வந்தால் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ என்று எழுதியிருந்தேன். நீளம் அதற்கு முன்பே பதிந்துவிட்டதால் 420 சரியாக இருந்தது. விட்டமும் உராய்வெண்ணும் இயல்பு மதிப்பிலேயே நின்றுவிட்டன.

விளைவைக் கையால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 63 மி.மீ. என்பது வெளிவிட்டம், எச்டிபிஇ குழாயை வெளிவிட்டத்தில்தான் அழைப்பார்கள். அந்தக் குழாயின் உள்விட்டம் 55 மி.மீ. அளவுதான். 420 மீட்டர் நீளம், விநாடிக்கு 2.5 லிட்டர், உராய்வெண் 140 என்றால் ஏறக்குறைய 10 மீட்டர் அழுத்தம் உராய்விலேயே போய்விடும். 254 மி.மீ. குழாயில் ஒரு சென்டிமீட்டர்கூடப் போகாது. என் மாதிரி காட்டிய 14 மீட்டர், நிஜத்தில் 4 மீட்டர். 1999-ஆம் ஆண்டின் மத்திய அரசுக் குடிநீர்க் கையேடு தரைத்தள வீட்டுக்கே 7 மீட்டர் வேண்டும் என்கிறது. பெரியவர் சொட்டுச் சொட்டாக என்று சொன்னது இதுதான்.

இதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. ஒரு நோடுக்கு உயரம் கொடுக்க மறந்தால் ஈபாநெட் அதை 0 என்று வைக்கும். ஏற்காட்டில் உயரம் 0 என்றால் அந்த வீட்டில் 1,400 மீட்டர் அழுத்தம் காட்டும். கத்திச் சொல்லும் தப்பு அது. யார் கண்ணிலும் படும். விட்டம் மறந்தால் நிலைமையே வேறு. எல்லா வீட்டுக்கும் நல்லபடியாகத் தண்ணீர் போகிறது என்று காட்டும். நாம் பார்க்க விரும்புவதையே காட்டுவதால் யாரும் சந்தேகப்பட மாட்டோம். நிரலில் கட்டும்போது பயப்பட வேண்டியது இந்த வகைத் தப்புக்குத்தான்.

மறுநாள் நிரலில் கட்டிய 32 ஊரையும் திறந்து 254 என்ற விட்டத்தைத் தேடினேன். இன்னும் இரண்டு ஊரில் ஒவ்வொன்று கிடைத்தது. பிழையைத் தாண்டிப் போகும் வரியை அன்றே அழித்தேன். இப்போது அட்டவணையில் ஒரு கட்டம் சரியில்லை என்றாலும் அந்த ஊர் கட்டப்படாது. எந்த வரி, எந்தக் கட்டம் என்று சொல்லி நின்றுவிடும். வேலை மெதுவாகிறதே என்று முதலில் சர்வேக்காரத் தம்பிகள் சலித்துக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் அட்டவணைகள் சுத்தமாக வர ஆரம்பித்தன.

எழுதி, மூடி, மறுபடி திறப்பது

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு ஊரைக் கட்டி முடித்ததும் ஐஎன்பி கோப்பாக எழுதுவேன். கைப்பிடியை மூடி, புராஜெக்ட்டை அழித்துவிடுவேன். பிறகு புதுக் கைப்பிடி எடுத்து அதே கோப்பைத் திறந்து, ஒவ்வொரு நோடின் உயரத்தையும் ஒவ்வொரு பைப்பின் நீளத்தையும் விட்டத்தையும் கேட்டு, சர்வே அட்டவணையோடு ஒப்பிடுவேன். ஒப்பிடும்போது மிகச் சிறிய வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். உள்ளே எல்லாமே அடிக் கணக்கில்தான் சேமிக்கப்படுகிறது. மீட்டருக்குத் திரும்பும்போது கடைசித் தசமம் நகரும். நான் ஒரு மில்லிமீட்டர் வைத்திருக்கிறேன்.

இந்தப் பழக்கம் ஒரு மாதத்திலேயே பலன் கொடுத்தது. ஒரு ஊரில் ஒரு வீடு வேறொரு ஊரின் பட்டியலிலும் இருந்ததால் அந்த நோடை நிரலில் நீக்கினேன். ஒப்பீட்டில் 19-ஆவது நோடிலிருந்து எல்லா உயரமும் ஒன்று தள்ளி உட்கார்ந்திருந்தன. பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்குள் மூன்று நான்கு மீட்டர்தான் வித்தியாசம் என்பதால் முடிவைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

காரணம் இது. ஈபாநெட்டில் ஒவ்வொரு நோடுக்கும் நாம் வைத்த பெயரும் உண்டு, உள்ளே ஒரு வரிசை எண்ணும் உண்டு. மதிப்புகளை வரிசை எண்ணைச் சொல்லித்தான் பதிய வேண்டும். ஒரு நோடை நீக்கினால் அதற்குப் பின்னால் இருப்பவை எல்லாம் ஒன்று முன்னால் நகரும். நான் வேகத்துக்காக வரிசை எண்களை முதலிலேயே ஒரு பட்டியலில் எடுத்து வைத்திருந்தேன்; நீக்கியபின் அந்தப் பட்டியல் பழையதாகிவிட்டது. சேர்ப்பதிலும் இதே வம்பு உண்டு. சாதாரண நோடுகள் முன்னாலும் தொட்டிகள் பின்னாலும் இருக்கும்படி அது வைத்துக்கொள்கிறது. தொட்டியை முதலில் சேர்த்து அதன் எண் 1 என்று குறித்து வைத்தால், அடுத்து ஒரு நோடு சேர்ந்ததுமே தொட்டி 2 ஆகிவிடும். அதனால் பெயரை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். எண் தேவைப்படும் ஒவ்வொரு முறையும் பெயரைச் சொல்லி அப்போதே கேட்டு வாங்க வேண்டும். அதற்கு ஆகும் நேரம் ஒன்றுமே இல்லை.

இன்னும் ஒன்று, 100-க்குக் கீழே வரும் எண்கள் எச்சரிக்கைகள். 6 என்றால் எங்கோ அழுத்தம் மைனஸில் போகிறது. கணக்கு நிற்காது, முடிவும் வரும். மலையில் அந்த 6-ஐத் தாண்டிப் போகக் கூடாது. நான் அதையும் பிழையாகவே வைத்திருக்கிறேன்.

புராஜெக்ட்டை மூடாமல் விடுவதும் தொல்லைதான். விண்டோஸில் அறிக்கைக் கோப்பு பூட்டியபடியே கிடக்கும், அடுத்த ஓட்டத்தில் எழுத முடியாது. அறிக்கைக்கு முழு முகவரி கொடுங்கள், ஊருக்கு ஒரு பெயர் கொடுங்கள். எல்லா ஊருக்கும் ஒரே பெயர் வைத்து, கடைசி ஊரின் அறிக்கை மட்டும் மிஞ்சிய நாளும் உண்டு.

எட்டு மாதம் கழித்துத் தேடும்போது

உருவாக்குவதைவிட மீட்டெடுப்பதில்தான் எனக்கு அதிக வேலை இருந்தது. எட்டு மாதம் கழித்து, தொட்டி கட்டக் குறித்த இடத்தில் பாறை என்று ஒரு ஊரிலிருந்து தகவல் வந்தது. அது முதல் ஆறு ஊர்களில் ஒன்று, மவுஸால் கட்டியது. ஃபோல்டரில் இருந்தவை எல்லாம் நெட் என்ற விரிவுப்பெயருள்ள கோப்புகள். ஈபாநெட் விண்டோ தனக்கென்று சேமிக்கும் வடிவம் அது. கருவித்தொகுப்பால் அதைத் திறக்க முடியாது. ஒவ்வொன்றையும் விண்டோவில் திறந்து, ஏற்றுமதி செய்து ஐஎன்பி ஆக்கிய பிறகுதான் நிரல் தொட்டது. பழைய வேலை வைத்திருப்பவர்கள் இதை இப்போதே செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஐஎன்பி வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில்கூடப் படிக்கலாம்.

ஆனால் அந்தக் கோப்பில் தனி வரியாக நாம் எழுதும் குறிப்புகளை நம்பாதீர்கள். கருவித்தொகுப்பில் திறந்து மறுபடி எழுதினால் அவை போய்விடும். தலைப்புக்கு என்று மூன்று வரி இருக்கிறது, அது தங்கும். முதல் வரியில் ஊரின் எண், இரண்டாவதில் சர்வே தேதி, மூன்றாவதில் எந்த அட்டவணையிலிருந்து, நிரலின் எந்தப் பதிப்பில் கட்டியது. ஒரு கோப்பைத் திறந்ததும் முதலில் கேட்பது இந்த மூன்று வரியைத்தான். அப்புறம் ஓட்டத்தின் அலகு, நோடு எண்ணிக்கை, மொத்தத் தேவை. 500 பேர் ஊரில் மொத்தத் தேவை இரண்டரை லிட்டருக்குப் பக்கத்தில் வரவில்லை என்றால் வேறு கோப்பைத் திறந்திருக்கிறேன் என்று அர்த்தம்.

நோடுகளின் ஆயத்தொலைவுகளையும் கட்டும்போதே பதிந்துவிடுங்கள். கணக்குக்கு அவை தேவையில்லை. ஆனால் இல்லாவிட்டால் விண்டோவில் திறக்கும்போது வரைபடம் வெறுமையாக இருக்கும், சார் கேள்வி கேட்பார்.

‘இறுதி’ என்ற சொல்லை எங்கள் அலுவலகத்தில் கோப்புப் பெயருக்கு இப்போது யாரும் வைப்பதில்லை. பாதுகாக்கப்படுவது சர்வே அட்டவணையும் நிரலும். மாற்றம் எதுவானாலும் அட்டவணையில் செய்கிறோம். ஐஎன்பி கோப்பைக் கையால் திருத்துவதில்லை. கோப்பு தொலைந்தால் ஒரு நிமிடத்தில் மறுபடி கட்டிவிடலாம்.

அந்தப் பெரியவரின் ஊரில் பிரதானக் குழாயை 90 மி.மீ. ஆக மாற்றினோம். உள்விட்டம் சுமார் 79 என்று போட்டால் உராய்வில் போவது 10 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. மேட்டு வீட்டில் 12.3 மீட்டர் என்று மாதிரி சொன்னது. குழாய் பதித்தபின் காலையில் தண்ணீர் விடும் நேரத்தில் அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டிப் பார்த்தோம். முள் ஒரு கிலோவைத் தாண்டி நின்றது. பெரியவர் கேஜைப் பார்க்கவில்லை. அந்த வீட்டு அம்மா குடத்தை வைத்து எடுப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்ற மாதம் அலுவலகத்தில் ஒரு தங்கை புதிதாகச் சேர்ந்தாள். ஃபோல்டரை மட்டும் அவள் கணினிக்கு அனுப்பி, அந்த ஊரைக் கட்டி ஓட்டச் சொன்னேன். நான் பக்கத்தில் போகவில்லை. கால் மணி நேரம் கழித்து எழுந்து வந்து கேட்டாள். “அக்கா, மேட்டு வீட்டுல 12.3 வருது. சரியா?”